தேவைக் கோடு தமிழ் பேசிய கதை

ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட 'பொருளியல் கோட்பாடுகள்' நூலில் மாட்டிறைச்சியும் தோலும் ஓர் உதாரணமாக வருகின்றன. ஒரு மாட்டை அறுத்தால் இரண்டும் சேர்ந்தேதான் கிடைக்கும். தோல் விலை எவ்வளவு ஏறினாலும் அதற்காகவே யாரும் கூடுதலாக மாடு அறுப்பதில்லை. இறைச்சி வாங்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்தே சந்தைக்கு எத்தனை தோல் வரும் என்பது முடிவாகிறது. இதைக் கூட்டு அளிப்பு என்பார்கள். பக்ரீத் முடிந்த வாரத்தில் பேர்ணாம்பட்டிலோ ஆம்பூரிலோ தோல் வியாபாரம் நடக்கும் தெருப்பக்கம் போனவருக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டாம். ஆட்டுத்தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கும், விலை படுத்துவிடும், உப்புப் போட்டு அடுக்க இடம் கிடைக்காது. யார் அவசரப்பட்டு விற்கிறார், யாருக்குக் காத்திருக்கத் தெம்பு இருக்கிறது என்பதில் அந்த வருஷத்து லாபம் பிரியும்.

ஆக, பொருளியல் என்ற படிப்புக்குள் வேலூர்ச் சீமையின் சரக்கு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அந்தப் படிப்பு இங்குள்ள பிள்ளைகளின் மொழியில் புத்தகமாக வர மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் அதில் இந்தச் சீமை இல்லை. அது ஏன் அப்படி ஆனது என்பதே இந்தக் கதை.

சத்துவாச்சாரி வேலூருக்குக் கிழக்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். 2011 வரை தனி நகராட்சி; இப்போது மாநகராட்சியின் ஒரு பகுதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் இங்கேதான். வீட்டுவசதி வாரியத்தின் 'ஃபேஸ் ஒன்று', 'ஃபேஸ் இரண்டு' குடியிருப்புகளில் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள். இந்தத் தெருக்களிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போகும் முதலாண்டு பி.ஏ. பொருளியல் மாணவியின் பையில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று தமிழில், நுண்ணியல் பொருளியல். இன்னொன்று ஆங்கிலத்தில், வேலையிடத்தில் எப்படிப் பேசுவது, எப்படி மின்னஞ்சல் எழுதுவது என்று சொல்லித்தருவது. பையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கவலையில் பிறந்தவை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை எழுதியவர். அப்படிப்பட்டவர் மார்ஷலை மட்டும் பாராயணம் செய்யவைப்பாரா? மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் விசாரித்து எழுதிவரச் சொன்னார். எவ்வளவு நிலம், யார் கையில், கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி என்ன, மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பன போன்ற கேள்விகள். அவர்கள் எழுதிவந்ததைத் தொகுத்து 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ராமநாதபுரம் சீமையின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டின் இருவேல்பட்டு ஆகியவற்றோடு வடஆற்காட்டின் தூசியும் அதில் உண்டு. அன்றைய வடஆற்காடு என்றால் வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் சேர்ந்த பெரிய மாவட்டம். இந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்று, மாணவர்கள் திரட்டிய விவரங்களால் ஆன ஒரு பொருளியல் நூலுக்குள் நூறாண்டுகளுக்கு முன்பே ஏறிவிட்டது.

பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்து, 1940இல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தூசிக்குப் போனார்கள். ஆய்வாளர்களுக்கு இது ஒரு மரபாகவே நிலைத்தது. வகுப்பறைக்கு மட்டும் இது போய்ச் சேரவில்லை. வகுப்பில் பாடநூல் வடிவில் பென்ஹாம் வந்தார், ஸ்டோனியரும் ஹேகும் வந்தார்கள், டெல்லிப் பதிப்பகங்களின் கே. கே. டீவெட் வந்தார். மாணவன் ஊருக்குப் போய் விசாரித்து எழுதும் வேலை நின்றுபோய், ஊருக்கே வராத புத்தகத்தை மனப்பாடம் செய்யும் வேலை தொடங்கியது. ஸ்லேட்டரின் வழியே கல்லூரிகளில் நீடித்திருந்தால் பாடநூல் வேறு மாதிரிப் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர் 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பிவிட்டார்.

தமிழில் கல்லூரிப் பொருளியல் பிறந்த இடம் கோயம்புத்தூர். காமராசர் அமைச்சரவையில் கல்வியும் நிதியும் சி. சுப்பிரமணியத்தின் கையில் இருந்தன. பள்ளியில் பதினொரு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை கல்லூரி வாசலை மிதித்ததும் ஊமையாகிவிடுவதைப் பற்றி அப்போது நிறையப் பேச்சு. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பின் கலைப் பாடங்களைத் தமிழில் நடத்திப் பார்க்க முடிவாயிற்று. வரலாறும் பொருளியலும்தான் முதலில். பரிசோதனைக் கூடம் வேண்டாத பாடங்கள் என்பதால் செலவு குறைவு. தோற்றால் நஷ்டமும் குறைவு என்று நினைத்திருப்பார்கள்.

வகுப்பு தொடங்கிவிடலாம். புத்தகம்? அதற்காக அமைந்தது கல்லூரித் தமிழ்க் குழு. தலைவர் ஜி. ஆர். தாமோதரன், பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர், 'கலைக்கதிர்' என்ற அறிவியல் இதழை நடத்திவந்தவர். பொறியியல்காரர் ஒருவர் கலைப் பாடங்களுக்குத் தமிழ்ப் புத்தகம் வரவைக்கும் குழுவுக்குத் தலைவரானது தற்செயல் இல்லை. எந்திரங்களைப் பற்றித் தமிழில் மாதாமாதம் எழுதவைத்தவருக்கு, தேவைக் கோட்டைப் பற்றி எழுதவைக்க முடியாதா என்ன? குழு துறைவாரியாகக் கலைச்சொற்களைத் திரட்டியது. பேராசிரியர்களைப் பிடித்து எழுதச் சொன்னது. பிறகு தமிழ் வெளியீட்டுக் கழகம் என்ற அரசு அமைப்பு இந்த வேலையைக் கையில் எடுத்தது. ஒருவர் எழுதுவார் அல்லது மொழிபெயர்ப்பார், இன்னொருவர் மேற்பார்வையிடுவார், அரசு அச்சிடும். அட்டையில் அலங்காரம் கிடையாது. விலை மிகக் குறைவு.

அந்த 1960இல் கடலுக்கு அப்பாலும் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவில் சிங்களமும் தமிழும் பாடமொழிகளாக நுழையத் தொடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்து மாணவரும் கோவை மாணவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொருளியலைத் தமிழில் கேட்டார்கள். ஆனால் இரு கரைகளிலும் கலைச்சொற்கள் வேறாகிப்போனதால், ஒரு கரையில் அச்சான புத்தகம் மறுகரைக்கு உதவாமல் போனது. இரண்டு பக்கமும் சேர்த்துப் படிக்கக்கூடிய கூட்டம் இரண்டு சின்னச் சந்தைகளாகப் பிரிந்தது. மொத்தமாக அச்சடித்தால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு இறங்கும் என்பது முதலாண்டுப் பாடம். பாடத்தை எழுதியவர்களே அதைக் கடைப்பிடிக்க வழியில்லாமல் போயிற்று.

இரண்டாவது காரியம் இன்னும் வினோதம். வெளிநாட்டு மாணவர்களுக்கு மலிவு விலையில் ஆங்கிலப் பாடநூல்கள் கிடைக்கட்டும் என்று பிரிட்டிஷ் அரசு மானியம் கொடுத்து இ.எல்.பி.எஸ். என்ற திட்டத்தைத் தொடங்கியதும் 1960தான். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டத்துக் கோதுமைப் பணத்தில் அமெரிக்கப் பாடநூல்களின் மலிவுப் பதிப்புகள் வரத் தொடங்கின. ரேஷனில் வந்த அந்தக் கோதுமை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே கணக்கில் பொருளியல் புத்தகமும் வந்தது பலருக்கு நினைவில்லை. ஸ்டோனியர்–ஹேக் புத்தகத்தின் அசல் லண்டன் பதிப்பே சாதாரண விலைக்குக் கிடைத்தபோது, தமிழ்நாடு அரசின் சாணிக்காகிதப் பதிப்பை யார் விரும்பி வாங்குவார்? பிறந்த குழந்தையின் தொட்டிலுக்கு எதிரிலேயே மூன்று அரசுகள் கடை விரித்திருந்தன. அதில் ஒன்றுதான் தமிழுக்கு.

கதையின் அடுத்த பகுதி அரசியல்; சுருக்கமாகச் சொல்லலாம். 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் அண்ணா கொண்டுவந்த மொழித் தீர்மானத்தில், ஐந்தாண்டுகளுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழைப் பாடமொழியாக்க வேண்டும் என்பதும் இருந்தது. அந்த ஆண்டே புகுமுக வகுப்பிலும், 1969இல் பட்டப்படிப்பின் அறிவியல் பாடங்களிலும் தமிழ்வழி தொடங்கியது. மாநில மொழிகளில் பல்கலைக்கழக நூல்களை வெளியிட மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பிறந்து, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருந்து நூற்றுக்கணக்கில் கல்லூரி நூல்களை வெளியிட்டது. இயற்பியல், தாவரவியல், அளவையியல், உலக வரலாறு, வங்கியியல் என்று எல்லாத் துறைகளுக்கும் நூல்கள் வந்தன. ஐந்தாண்டுகள் கழிந்தன. எல்லாக் கல்லூரிகளும் தமிழுக்கு மாறவில்லை. ஆங்கிலவழி வகுப்பில் இடம் கிடைக்காதவர்கள் தமிழ்வழிக்குப் போகிறார்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் அந்தப் பெயருக்குத்தான் பயந்தார்கள், பாடத்துக்கு அல்ல.

அந்த நூல்களைப் புரட்டினால் ஒன்று உடனே தெரியும். எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. சமநோக்கு வளைகோட்டையும் இறுதிநிலைச் செலவையும் குழப்பமில்லாமல் விளக்கியிருப்பார்கள். வாக்கியங்கள் நீளம்தான், ஆனால் திருகல் இல்லை. குறை எங்கே என்றால், நுகர்வோர் என்று ஒருவர் வருவார்; அவருக்கு ஊர் இருக்காது. உற்பத்தியாளர் என்று ஒருவர் வருவார். அவர் என்ன உற்பத்தி செய்கிறார் என்று கடைசிவரை தெரியாது. தேயிலையும் காபியும் பதிலீட்டுப் பொருள்கள், பேனாவும் மையும் நிரப்புப் பொருள்கள். மூல நூலில் இருந்த உதாரணம் அப்படியே தமிழ் உடுத்திக்கொண்டு நிற்கும்.

இத்தனைக்கும் இந்தச் சீமையின் கல்லூரிகளில் பல தோல் காசில் எழுந்தவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியபோது பின்னால் நின்றவர்கள் தோல் வணிகர்கள். மேல்விஷாரத்தில் 1965இல் வந்த கல்லூரி, தோல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி அதை அள்ளிக் கொடுத்த சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கியது. 1969இல் ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி. அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய வேலூர் ஊரிசு கல்லூரி இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் லண்டனுக்குப் போய் ஏலமானது. அந்த ஏலத்தில் விலை எப்படி விழுந்தது, எழுந்தது என்பதைவிடச் சுவையான விலைக் கோட்பாடு வேறு உண்டா? சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி 1970களின் தொடக்கத்தில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டது. முழுத் தோலாக, முடிந்தால் செருப்பாகவே ஏற்றுமதி செய்யுங்கள் என்றது. ஆம்பூரில் செருப்பு ஆலைகள் வரிசைகட்டியதும், பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காலை ஷிப்டுக்குப் பஸ் ஏறியதும் அதன் தொடர்ச்சி. ஓர் அரசாணை எப்படி ஓர் ஊரின் உழைப்புச் சந்தையையே திருப்பிப் போடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். கல்லூரி மதிலுக்கு வெளியே நடந்ததால் அது பாடமாகவில்லை.

வேலூரிலேயே பிறந்த ஒருவர் இதைச் சரிசெய்திருக்கலாம். மால்கம் ஆதிசேஷய்யா 1910இல் வேலூரில் பிறந்தவர். தந்தை ஊரிசு கல்லூரியில் ஆசிரியர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார், திரும்பி வந்து 1971இல் சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியைச் சேர்ப்பது பற்றி 1978இல் வந்த தேசியக் குழு அறிக்கை இவர் தலைமையில் எழுதப்பட்டது. படிப்பும் வேலையும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடக்கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் அவருடைய கவனம் திட்டங்களிலும் நிறுவனங்களிலும் இருந்தது. முதலாண்டு மாணவனுக்குப் பாடநூல் எழுதுவதைப் பெரிய மனிதர்கள் யாரும் பெரிய வேலையாக நினைத்ததில்லை, அவரும் விதிவிலக்கில்லை.

இனி இந்தத் தோல் ஊர்களை ஒட்டி ஓடும் பாலாற்றின் கரைக்கு வருவோம். நுண்ணியல் பொருளியலில் பெரும்பாலும் கடைசி அலகில், தேர்வு நெருங்கும் அவசரத்தில் நடத்தப்படும் ஒரு பகுதி உண்டு: புறவிளைவு. ஒருவர் செய்யும் தொழிலின் செலவில் ஒரு பங்கை, அந்தத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத இன்னொருவர் சுமப்பது. கேம்பிரிட்ஜின் பிகூ 1920இல் இதை எழுதி, அரசு வரி போட்டுத் திருத்த வேண்டும் என்றார். ரொனால்டு கோஸ் 1960இல், கோவையில் தமிழ் வகுப்பு தொடங்கிய அதே ஆண்டில், வேறு மாதிரிச் சொன்னார்: உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவே ஆகாது என்றால் இரு தரப்பும் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

தோல் பதனிடுபவரின் கணக்குப் புத்தகத்தில் பச்சைத் தோல் விலை இருக்கும். உப்பு, சுண்ணாம்பு, குரோமியம், கூலி, மின்சாரம் எல்லாம் இருக்கும். பக்கத்து வயல்காரரின் கிணறு இருக்காது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகும். அந்தத் தண்ணீர் உப்போடும் ரசாயனத்தோடும் வெளியே வரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற மதிப்பீடு தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும், சேதம் உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்திய நாட்டின் சட்டம் என்று நிலைநாட்டியது இந்தத் தீர்ப்புதான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் பத்தாயிரம் ரூபாய் அபராதத்தை அந்தந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கட்ட வேண்டும் என்றது. பிகூ சொன்ன வரியைப் போலத் தோன்றும். ஆனால் வெளியேற்றும் தண்ணீரின் அளவுக்கேற்ப ஏறாமல் தலைக்கு இவ்வளவு என்று போட்டால் அது நடத்தையை மாற்றாது என்பதைப் பாடநூல் படித்தவர் உடனே பிடித்துவிடுவார்.

தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் கணக்குச் சொன்னது: 547 தொழிற்சாலைகள், பாதிக்கப்பட்ட 29,193 பேர், மொத்தம் சுமார் 26.82 கோடி ரூபாய். தலைக்குச் சராசரி பார்த்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம். கோஸ் சொன்ன பேரத்தை இங்கே நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் 547 பேர், அந்தப் பக்கம் 29,193 பேர். யாருடைய கழிவு யாருடைய கிணற்றில் என்று பிரித்துச் சொல்ல நிலத்தடி நீருக்கு வாய் கிடையாது. கோஸே ஒப்புக்கொண்ட விதிவிலக்கு இதுதான். பேரத்துக்கே ஆகும் செலவு பேரத்தைத் தின்றுவிடும். பிறகு வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், வாணிடெக், ரானிடெக் என்ற பெயர்களில் இன்றும் ஓடுபவை, இன்னொரு அத்தியாயம்: பல தொழிற்சாலைகள் ஒரே நிலையத்துக்குப் பங்கு போடும்போது யார் எவ்வளவு கட்டுவது, கட்டாமல் நழுவுபவரை என்ன செய்வது. வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே இழப்பீட்டைப் பற்றி, இன்னும் கிடைக்காதவர்களுக்குக் கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் வேலூரின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். வேலூரில் தமிழ்வழிப் பொருளியல் படிப்பவருக்குப் புறவிளைவு என்றால் இன்னும் பாடநூல் உதாரணத்தில் வரும் தேனீ வளர்ப்பவரும் பழத்தோட்டக்காரரும்தான். தேனீ மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இழப்பீட்டை வசூலித்துப் பங்கிடும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. மாவட்ட நிர்வாகம் என்றால் இங்கே சத்துவாச்சாரி. அங்கே திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் தன் கதையை அரைமணி நேரம் சொல்வார். எழுதுபவர் அதைக் கேட்டுவிட்டு ஒரு பக்கத்தில் அடக்குவார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். சர்வே எண் வேண்டும், தேதி வேண்டும், முன்பு கொடுத்த மனுவின் ரசீது எண் வேண்டும், கடைசியில் என்ன கேட்கிறோம் என்பது ஒரே வரியில் வேண்டும். உள்ளே போனதும் அந்தத் தாள் ந.க. எண் என்ற கோப்பு எண்ணைப் பெறும், 'பொருள்', 'பார்வை' என்று தலைப்பிட்ட கடிதமாகத் தாலுகா ஆபீசுக்குப் போய்த் திரும்பும். வேலையிடத் தொடர்பு என்று ஒரு கலை இருக்குமானால் அதன் கறாரான வடிவம் இது.

இந்த வடிவத்துக்கும் பிறந்த கதை உண்டு. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. நகராட்சி ஆணையராக இருந்த கீ. இராமலிங்கனார் போன்றவர்களின் உழைப்பில் 1957இல் ஆட்சிச் சொல் அகராதி வந்தது. சுற்றறிக்கை, குறிப்பாணை, கோப்பு, பணிந்தனுப்பப்படுகிறது என்று இன்று குமாஸ்தா யோசிக்காமல் எழுதும் சொற்களெல்லாம் அந்த உழைப்பின் பலன். அகராதி அலுவலகத்தோடு நின்றது. மனு எழுதுவதும் குறிப்பு எழுதுவதும் கல்லூரிப் பாடமாக வரவில்லை. பி.காம். வகுப்பில் வணிகக் கடிதம் உண்டு, ஆங்கிலத்தில். கல்லூரிகளில் ராஜேந்திர பால்–கோர்லஹள்ளியின் தொடர்பியல் நூல். மாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், லோயர், ஹையர். தோல் கம்பெனி ஆபீசில் சேர அது போதும் என்றிருந்த காலம்.

பிறகு போதவில்லை. 2020–21 கல்வியாண்டில் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், கலை அறிவியல் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் தொழில்சார் ஆங்கிலம் என்ற தாளைக் கொண்டுவந்தது. கலை–சமூக அறிவியல், வணிகம்–மேலாண்மை, உயிர் அறிவியல், இயற்பியல் அறிவியல் என்று துறைக்குத் தகுந்தபடி நான்கு புத்தகங்கள். கொரோனா ஆண்டு அது. நேருக்கு நேர் பேசப் பழக்கும் புத்தகம், யாரும் யாரையும் பார்க்காத செல்போன் வகுப்பில் அறிமுகமாயிற்று. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் அதே திசையில் இன்னும் அழுத்தியது. படித்த பிள்ளை நேர்காணலில் வாய் திறப்பதில்லை என்ற முதலாளிகளின் புலம்பலுக்குக் கிடைத்த பதில் இவை. நல்ல முயற்சிதான். துறையையும் மொழியையும் சேர்த்துக் கற்பிப்பது என்ற யோசனை, பொத்தாம்பொதுவான இலக்கணப் பயிற்சியைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆம்பூர் செருப்பு ஆலையில் பேச்சு ஒரு மொழியில் நடப்பதில்லை. முதலாளி வீட்டில் உருது, லைனில் தமிழ், ஜெர்மனிக்காரருக்கு மெயில் ஆங்கிலம். 1989இன் இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடைசெய்தபோது, அது கலந்த தோலை இனி வாங்கமாட்டோம் என்ற செய்தி அங்கிருந்து இங்கு வந்து, உருதுவில் விவாதிக்கப்பட்டு, தமிழில் டிரம் ஓட்டுபவர் காதில் விழுந்திருக்கும். எந்தக் கண்ணியில் தவறாகப் புரிந்தாலும் சரக்கு திரும்பி வரும். இதைப் பயிற்சியாக வைத்த வேலையிடத் தொடர்பு நூலை நான் பார்த்ததில்லை.

மறுபடி தமிழ்ப் புத்தகத்துக்கு வருவோம், ஏனென்றால் அதன் கதையில் ஒரு திருப்பம் பாக்கியிருக்கிறது. 1960இல் அளிப்பு வந்தது, தேவை வரவில்லை. விலையைக் குறைத்தும் வரவில்லை. வேறொரு சட்டம்தான் அதை வரவைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு, தன் பணியிடங்களில் 20 விழுக்காட்டைத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கியது. வேண்டாத வகுப்பு என்று பெயரெடுத்த தமிழ்வழிப் பட்டத்துக்கு ஒரே நாளில் சந்தை மதிப்பு வந்தது. பட்டம் மட்டும் தமிழில் இருந்தால் போதும் என்று கடைசி நேரத்தில் மாறி வந்தவர்களைத் தடுக்க, 2020இல் திருத்தம் வந்தது: பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஊக்கத்தொகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மனிதர்கள் சாய்வார்கள், விதியை எழுதுபவர் அவர்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும் என்பதற்குத் தமிழ்வழிப் பட்டமே உதாரணமாயிற்று.

இதனால் தமிழ்ப் பொருளியல் நூலுக்கு இரண்டு வகையான வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கும் மாணவி. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட நோட்ஸை வாங்கிக்கொள்வார், முழுப் புத்தகம் வாங்கமாட்டார். மற்றவர் தேர்வாணையத்தின் குரூப் தேர்வுக்குத் தயாராகும் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுக்காரர். அரசு நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்து, அந்த 1970களின் பாடநூல் நிறுவன வெளியீடுகளை, இப்போது மின்னூலாகக் கிடைப்பவற்றை, செல்போனில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் குறிப்பெடுப்பவர். எழுதிய பேராசிரியர்கள் இப்படி ஒரு வாசகரை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். தேர்வில் வென்றால் அவரில் சிலர் இளநிலை உதவியாளராக ஏதோ ஓர் ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து, திங்கட்கிழமை வரும் மனுக்களுக்கு ந.க. எண் போடுவார்கள்.